பார்தேஸ் கதையைச் சொல்லப் போனேன், கேள்வி எங்கே என்றார்கள்: என் கிராந்த் ஓரால் அனுபவம்

பிரான்ஸின் தீவான நம் ரீயூனியனில் பக் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் 2024 ஜூனில் எழுதினேன். எழுத்துத் தேர்வுகளுக்கு வழிகாட்ட ஆள் நிறைய உண்டு. கிராந்த் ஓரால் என்ற வாய்மொழித் தேர்வு என்றால்தான் நம் வீடுகளில் குழப்பம். அப்பா அம்மா படித்த காலத்தில் இப்படி ஒன்று இல்லை, அவர்களிடம் கேட்கவும் முடியாது.

முறை இதுதான். சிறப்புப் பாடங்கள் இரண்டிலிருந்தும் இரண்டு கேள்விகளை நாமே தயாரித்துக்கொண்டு போக வேண்டும். எதிரே இரண்டு ஆசிரியர்கள் நடுவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். கேள்விகளில் ஒன்றை அவர்கள் எடுப்பார்கள். தயாராக 20 நிமிடம். அப்புறம் 10 நிமிடம் நாம் பேசுவோம், 10 நிமிடம் அவர்கள் கேட்பார்கள். நான் எழுதிய வருடம் பொதுப்பிரிவில் இதன் கோயஃபிசியன், அதாவது மொத்த மதிப்பெண்ணில் இதன் எடை, 10, விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் எண் இல்லை.

என் பாடங்கள் இயற்பியல்-வேதியியலும், எஸ்வேதே என்று நாங்கள் சொல்லும் உயிரியல்-நிலவியலும். தலைப்பு மட்டும் எனக்கு முதல் நாளே தெரியும்: பிரான்ஸ் கால்பந்து அணியின் பழைய கோல்கீப்பர் ஃபாபியன் பார்தேஸ். சேந்த் ஆந்த்ரேயில் நாங்கள் இருக்கும் தெருவில் நான்தான் கோல்கீப்பர், எட்டு வயதிலிருந்து. அப்பா புதுச்சேரியிலிருந்து வந்த புதிதில் பார்த்த 1998 உலகக் கோப்பையை இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஜூலை 12, இங்கே இரவு பதினோரு மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கியதாம். பிரேசிலை 3-0 என்று வென்ற பிரான்ஸ் அணிக்குக் கோல்கீப்பர் பார்தேஸ். அந்தத் தொடரில் ஆட்டங்களுக்கு முன் அதே அணியின் லோரான் பிளான் அவருடைய மொட்டைத் தலையில் முத்தம் கொடுப்பதை அப்பா நடித்தே காட்டுவார்.

ஆசை ஆசையாக எழுதினேன். லவ்லானே என்ற சின்ன ஊரில் 1971-இல் பிறந்தது, அப்பா ரக்பி வீரர், 1993-இல் 21 வயதில் மார்செய் அணிக்காக மிலானை வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 1998-இல் ஏழு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல், 2000 யூரோ கோப்பை, மான்செஸ்டர் யுனைடெட், 2006 இறுதி ஆட்டம், 2007-இல் நான்த் அணியோடு கால்பந்து முடிவு. அடுத்த வருடமே கார் பந்தயம். 2013-இல் மோர்கன் மூலேன்-த்ராஃபோருடன் ஃபெராரி ஓட்டி பிரான்ஸின் ஜிடி கார் பந்தயத் தொடரில் சாம்பியன். 2014-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். 2016-இல், 1996 மொனாக்கோ கிராண்ட் பிரி கார் பந்தயத்தை வென்ற ஒலிவியே பானிஸுடன் சேர்ந்து சொந்த அணி, மறுபடியும் லெ மான்.

எழுதியதைப் பேசிக் காட்டியபோது எங்கள் எஸ்வேதே ஆசிரியை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "நல்ல கதை. கேள்வி எங்கே?" என்றார். அவ்வளவுதான். பதினான்கு நிமிடம் பேசியிருந்தேன், அதில் ஒரு கேள்விகூட இல்லை.

நம்மில் பலர் விழும் இடம் இது. பிடித்த ஆளை எடுத்துக்கொண்டு அவர் பிறந்ததிலிருந்து தொடங்கிவிடுகிறோம். அதை யாரும் பார்த்துப் படித்துவிடலாம், நடுவர்களுக்கு நம்மிடம் கேட்க ஒன்றும் இருக்காது. அந்த வாழ்க்கையில் எந்த இடம் நமக்குப் புரியவில்லையோ அங்கே நிற்க வேண்டும். எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது: கால்பந்துக்கு வயதாகிவிட்டது என்று நின்ற ஒருவர், அதைவிட வேகமான விளையாட்டில் 42 வயதில் எப்படி சாம்பியன் ஆனார்? கடைசியில் நடுவர்களிடம் கொடுக்கும் தாளில் இப்படிப் போட்டேன்: "கோல்கீப்பரும் பந்தய ஓட்டுநரும் தங்கள் எதிர்வினை நேரத்தின் எல்லையை எப்படித் தாண்டுகிறார்கள்?" இரண்டு பாடமும் அதற்குள் வந்துவிட்டன.

கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் வீட்டிலேயே எடுத்தேன். முற்றத்தில் லிச்சி மரத்துக்கும் வேலிக்கும் நடுவில் கோல். டேப் வைத்து பெனால்டி தூரமான 11 மீட்டர் அளந்தோம். தம்பி உதைக்க, நான் ஃபோனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோவில் பிடித்தேன். அவன் கால் பந்தைத் தொட்டதிலிருந்து பந்து கோட்டைத் தாண்டும்வரை 130 படம். அதாவது 0.54 நொடி, மணிக்கு ஏறக்குறைய 73 கி.மீ. பெரிய வீரர் 100 கி.மீ. வேகத்தில் அடித்தால் 0.4 நொடிதான். கண்ணால் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே 0.2 நொடி போய்விடும். மிச்ச 0.2 நொடியில், நடுவிலிருந்து 3.66 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்தை எட்டுவது நடக்காத காரியம். அதனால் பந்து கிளம்பும் முன்பே உதைப்பவரின் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்துக் கீப்பர் முடிவெடுக்கிறார். 1998 காலிறுதியில் இத்தாலியின் அல்பெர்த்தினி அடித்த பெனால்டியை பார்தேஸ் தடுத்தார். 2006 இறுதியில் அதே இத்தாலியின் ஐந்து பெனால்டியும் உள்ளே போயின. ஊகம் என்றால் இரண்டும் நடக்கும். இரண்டையும் சொன்னேன். வெற்றியை மட்டும் சொல்லியிருந்தால் என் விளக்கம் பொய்யாகியிருக்கும்.

கார் பக்கம் கணக்கு இன்னும் பயங்கரம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் அந்த 0.2 நொடிக்குள் கார் 17 மீட்டர் போய்விடும். அதனால் ஓட்டுநரின் கண் எப்போதும் அடுத்த வளைவில் இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உதைப்பவர் ஏமாற்றப் பார்ப்பார், வளைவு ஏமாற்றாது. லெ மானில் 13.626 கி.மீ. சுற்றை மறுபடி மறுபடி ஓட்டும்போது, எங்கே பிரேக் மிதிக்க வேண்டும் என்பது உள்ளே பதிந்துவிடும். நரம்பின் வேகம் வயதோடு கூடாது, பாதையைப் பற்றிய அறிவு கூடும். 42 வயது பற்றிய என் குழப்பத்துக்கு நான் கண்ட பதில் இதுதான்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. பிரெஞ்சில் தயாரித்ததை அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். என் அம்மா காரைக்காலில் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், நான் பேசிக்கொண்டிருந்தேன். "கீப்பருடைய ரிஃப்ளெக்ஸ்" என்று நான்காவது முறை சொன்னபோது கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிஃப்ளெக்ஸ்னா அனிச்சைச் செயல்தானே?"

"ஆமாம்மா."

"அவர் பிடிக்கணும்னு நினைச்சுத்தானேடி பிடிக்கிறாரு? அப்புறம் எப்படி அது அனிச்சை?"

என்னிடம் பதில் இல்லை. 'இச்சை இல்லாமல்' என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பிரெஞ்சில் எல்லாரும் நல்ல கீப்பருக்கு நல்ல ரிஃப்ளெக்ஸ் என்று சொல்லிச் சொல்லி, நானும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுமே, அது அனிச்சை. செய்தி தசையிலிருந்து தண்டுவடம் போய் அங்கேயே திரும்பிவிடும். பந்தைத் தடுப்பதில் கண், மூளைப் புறணி, தண்டுவடம், தசை என்று பாதை நீளம், முடிவெடுப்பது மூளை. அன்று இரவே அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு 'இச்சை இயக்கம்' என்ற பொருளில் மாற்றி எழுதினேன்.

தத்துவத் தேர்வுக்கு மூன்று நாள் முன்புதான் அந்த வருட லெ மான், நம் நேரம் மாலை ஆறு மணிக்குத் தொடக்கம். ஒரு மணி நேரம் பார்த்தேன். அதற்கு மேல் வேண்டாம் என்று அப்பா டிவியை அணைத்தார். அணைத்தது சரிதான்.

தேர்வு நாளில் நடுவர்கள் இந்தக் கேள்வியையே எடுத்தார்கள். நான் பேசி முடித்ததும் எஸ்வேதே நடுவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு தடவைகூட ரிஃப்ளெக்ஸ் என்று சொல்லவில்லையே, ஏன்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னேன், அம்மா கேட்டதையும் சேர்த்தே சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

இயற்பியல் நடுவரிடம் தடுமாறினேன். "பந்து ஒரே வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டாயே, காற்று?" என்றார். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். சேர்த்தால் நேரம் கூடுமா குறையுமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் யோசித்தேன். பந்து மெதுவாகும், அதனால் கிளம்பும் வேகம் அதே 100 என்றால் நேரம் சற்றுக் கூடும் என்றேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் நீட்டாமல் நின்று யோசியுங்கள், அவர்கள் காத்திருப்பார்கள். 20-க்கு 17 வந்தது.

அடுத்தது தம்பியின் முறை. அவன் இங்கே சேன் பியேரில் பிறந்த கால்பந்து வீரர் திமித்ரி பாயெத் பற்றிப் பேசப்போகிறானாம். கேள்வி என்னடா என்றேன். "ஃப்ரீ கிக்ல பந்து ஏன் வளையுது?" என்றான். டேப்பையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு லிச்சி மரத்தடிக்குப் போனோம்.