எந்த பெயின்?

மொரீஷியஸில் எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்த சாருக்கு, வலியைக் குறிக்கும் 'பெயின்' என்ற சொல்லோடு தீராத வழக்கு. கட்டுரையில் யாருக்காவது எங்காவது பெயின் என்று எழுதிவிட்டால் போதும், பக்கத்தில் சிவப்பு மையில் 'எந்த பெயின்?' என்று கேட்டிருப்பார். திருத்தி எழுதிக் காட்டும்வரை விடமாட்டார். கேம்பிரிட்ஜ் ஸ்கூல் சர்டிபிகேட் பரீட்சைக்கு எங்களைத் தயார்செய்தவர் அவர்தான். இந்தச் சிறப்பு மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சிவப்பு மைதான்.

மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எழுத்திலேயே ஒரு வம்பு. பி, ஏ, ஐ, என் என்ற நாலு எழுத்தைப் பார்த்ததும் வாய் தானாகப் பிரெஞ்சுக்குப் போய்விடும். அங்கே அது ரொட்டி! காலையில் சுடச்சுட வாங்கிவரும் அதே ரொட்டி. மூக்கால் இழுத்துச் சொன்னால் ஏறக்குறைய 'பேன்' என்று கேட்கும். தமிழ் வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால் பின்பெஞ்சுக்காரர்கள் உடனே தலையைச் சொறிவார்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் விளக்குவது பிரெஞ்சிலும் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும், வீட்டில் பாட்டி மட்டும் தமிழில். இப்படி வளர்ந்தவர்களிடம் ஒரு சொல் ஒரே பொருளோடு எப்படி நிற்கும்?

ரொட்டிக்கும் வலிக்கும் உறவில்லை என்று சார் முதலிலேயே சொல்லிவிட்டார். ரொட்டி லத்தீன் 'பானிஸ்' வழி வந்தது. வலி வந்தது 'பொய்னா' வழி; அதற்குத் தண்டனை என்று பொருள். பெனால்டியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். கோர்ட்டிலிருந்து வரும் சப்பீனாவுக்குள்ளும் அதே தண்டனை ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சில் அது 'பென்' ஆகி, நம் கிரியோலில் 'லாபென்' ஆனது. யாருக்காவது மனம் வருந்தினால் 'லாபென்' என்கிறோம். 'வேண்டாம், விடு' என்பதற்கும் 'பா லாபென்' என்கிறோமே, அதுவும் இதுதான். கடைக்காரரிடம் தினமும் சொல்லும் வார்த்தைக்குள் ரோமாபுரித் தண்டனை இருக்கிறது என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது.

அப்புறம் வலிக்கான ஆங்கிலச் சொற்களின் பட்டியல் தொடங்கும். 'ஏக்' விடாமல் மெதுவாக வலிப்பது. தலை, பல், காது, வயிறு, முதுகு, இதயம் ஆகியவற்றோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். காலோடு ஏன் ஒட்டாது என்று கேட்டால், 'வழக்கம் அப்படி, கேள்வி கேட்காதே' என்பார். 'பேங்' சுருக்கென்று வந்து போவது. பசிக்கும் மனசாட்சிக்கும் அது பொதுச் சொத்து. 'ஸ்டிங்' தேனீயுடையது. 'த்ராப்' நாடியோடு சேர்ந்து துடிப்பது. 'ஆகனி' கிரேக்கர்களின் போட்டிக்களத்திலிருந்து வந்தது, அதனால் அதில் ஒரு போராட்டம் இருக்க வேண்டும். விரலில் முள் தைத்ததற்கெல்லாம் ஆகனி என்று எழுதக் கூடாது.

சாருக்கு மிகவும் பிடித்தது 'ஆங்குவிஷ்'. லத்தீனில் அதன் வேர் இறுக்கம், குறுக்கம். நெஞ்சு இறுகும் நோய்க்கு ஆன்ஜைனா என்று பெயர் வைத்ததும் அந்த வேரிலிருந்துதான். இதைச் சொல்லிவிட்டு, திருக்குறளில் வரும் 'இடுக்கண்'ணைப் பாருங்கள், அதிலும் ஒரு இடுக்கு இருக்கிறது என்பார். ஆங்கிலப் பாடத்தில் குறள் வருவது எங்கள் வகுப்பில் மட்டும்தான் நடந்திருக்கும்.

தமிழ்ப் பக்கம் எனக்குக் கிடைத்ததெல்லாம் பாட்டியிடமிருந்து. கரும்புத் தோட்டத்தில் உழைத்த உடம்பு அது. பல் குடையும், மூட்டு கடுக்கும், விலா குத்தும், வயிறு முறுக்கும், கட்டி விண்விண் என்று தெறிக்கும், கண் உறுத்தும். ஆங்கிலம் வலிகளுக்குத் தனித்தனியாகப் பெயர் வைக்கிறது; பாட்டியின் தமிழிலோ அந்தந்த உறுப்பே வேலை செய்தது. 'வலி' என்ற சொல்லைப் பாட்டி அதிகம் சொல்லி நான் கேட்டதில்லை. குறளில் 'வினைவலியும் தன்வலியும்' என்று நாலு முறை வருகிற வலி முழுக்க வலிமைதான். துன்பத்துக்கு அங்கே 'நோய்' இருக்கிறது: 'நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்' என்ற குறளிலும் அது நாலு முறை வருகிறது. இன்னொன்று 'பாடு'. ஆங்கிலத்தில் பெயினுக்குப் பன்மை வந்தால் சிரத்தையான உழைப்பு என்றும் பொருள். நாமும் பாடு பட்டான் என்றால் துன்பப்பட்டான், பாடுபட்டான் என்றால் உழைத்தான். கூலிகளாக வந்து இறங்கியவர்களின் கதையில் இந்த இரண்டையும் யார் பிரிக்க முடியும்?

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை நாள். என் மாமா கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பார். அலகை எடுத்ததும் வலித்ததா என்று கேட்டேன். 'பா ஃபேர்மால்', வலிக்கவில்லை என்று கிரியோலில் சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாறு கேட்டார். அதற்கு எந்தச் சொல் என்று சாரிடம் கேட்டபோது, அது பட்டியலில் இல்லை என்றார்.

எழுபதுகளில் எங்கள் தீவிலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் வலியைச் சொல்லும் 78 சொற்கள் 20 தொகுதிகளாக இருக்கும். நோயாளி தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துடிக்கிறதா, எரிகிறதா, பிசைகிறதா என்பதெல்லாம் தனித்தனித் தொகுதி. அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சாரின் பட்டியலை யாரோ அச்சடித்ததுபோல் இருந்தது!

ஆனால் வார்டில் பட்டியலை அப்படியே நம்ப முடியாது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த ஆங்கிலேயப் பெரியவர் 'எ பிட் சோர்', கொஞ்சம் வலி என்பார். பள்ளிக் கணக்கில் அது சின்னச் சொல். நெற்றி வியர்வையைப் பார்த்தால்தான் ஆகனி தெரியும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டால் மூன்று என்பார், மார்ஃபின் நேரம் கடந்திருக்கும்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடம் ஒருமுறை, "வலி இருக்கா அம்மா?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை" என்றார். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டு நகரப் பார்த்தார். நான் விடாமல், "நோகுதா?" என்றேன். "நோகேல்லை. கால் உளையுது, ராவிலை நித்திரையே இல்லை" என்றார். டாக்டர் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்து, போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார்.