தொலைபேசிச் சேர்வரைத் தூரத்திலிருந்து கண்காணித்தல்: இரண்டாம் தடவை சித்தியடைந்த கதை

கணினி வலையமைப்பு டிப்ளோமாவின் செய்முறைப் பரீட்சையில் முதல் தடவை நான் சித்தியடையவில்லை. கேட்ட வேலை பார்வைக்குச் சின்னது. ஓர் அறையில் ஆஸ்டெரிஸ்க் (கணினியைத் தொலைபேசி இணைப்பகமாக்கும் மென்பொருள்) போட்ட தொலைபேசிச் சேர்வர் இருக்கும். அடுத்த அறையிலுள்ள கணினியிலிருந்து அதைக் கண்காணிக்க வேண்டும். இப்போது எத்தனை அழைப்புகள் நடக்கின்றன, சேர்வர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, விழுந்தால் எப்படித் தெரியும், இவ்வளவுதான். நேரம் மூன்று மணித்தியாலம்.

நான் முதலில் கண்காணிப்பு மென்பொருளான சாபிக்ஸை நிறுவினேன். திரை அழகாக வரவேண்டும் என்று வரைபடம், நிறம், பெயர் என ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகுதான் சேர்வரைச் சேர்த்தேன். சிவப்பு. தொடர்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். எதையெதையோ மாற்றினேன். மணி அடிக்கும்வரை சிவப்புத்தான்.

அறைக்கு வந்து குருமன்காட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருந்து யோசித்தபோதுதான் பிழை விளங்கியது. ஆஸ்டெரிஸ்க் நேரே வெளியாளோடு எஸ்.என்.எம்.பி. (கருவிகளின் நிலையைத் தூரத்திலிருந்து கேட்டறியும் நெறிமுறை) பேசுவதில்லை. அதற்குள் இருக்கும் ஒரு மொடியூல், அதே கணினியின் பின்னணியில் ஓடும் நிரலான எஸ்.என்.எம்.பி. டீமனிடம் ஏஜென்ட்எக்ஸ் என்ற நெறிமுறையில் விசயத்தைச் சொல்லி வைக்கிறது. வெளியிலிருந்து யாராவது கேட்டால் பதில் சொல்வது டீமன்தான். வீட்டுக்காரர் உள்ளே இருக்க, படலையில் நிற்பவர் மறுமொழி சொல்வது போல. ஆக ஆஸ்டெரிஸ்க், மொடியூல், ஏஜென்ட்எக்ஸ் சொக்கெட் (மொடியூலும் டீமனும் பேசிக்கொள்ளும் வாயில்), டீமன், வெளித் தொடர்பை வடிகட்டும் தீச்சுவர், கடைசியில் சாபிக்ஸ் என்று ஆறு இடம். எங்கே அறுந்தாலும் திரையில் தெரிவது ஒரே சிவப்பு. நான் ஆறாவது இடத்தில் நின்றுகொண்டு முதலாவதைத் தேடியிருக்கிறேன்.

அதனால் இந்த முறை எழுதப் போகிறவர்களுக்கு என் முதல் புத்தி: சாபிக்ஸைக் கடைசி முக்கால் மணித்தியாலம்வரை தொடாதீர்கள். சேர்வருக்குள்ளேயே இருந்து தொடங்கி வெளியே வாருங்கள்.

மூலநிரலிலிருந்து ஆஸ்டெரிஸ்க்கைத் தொகுப்பதாக இருந்தால், நெற்-எஸ்.என்.எம்.பி. நூலகத்தின் டெவலப்மென்ட் பொதியை அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், எதையெதைத் தொகுப்பது என்று தெரிவு செய்யும் மெனுசெலக்ட் பட்டியலில் அந்த மொடியூலுக்குப் பக்கத்தில் குறுக்குக் குறிகள் இருக்கும், தெரிவு செய்ய விடாது. இதைக் கவனிக்காமல் தொகுத்து முடித்து, பிறகு ஒரு தடவை முழுவதையும் தொகுப்பது பரீட்சை மண்டபத்தில் நரகம். மொடியூல் ஏறியதும் அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரியைத் திறந்துவிட வேண்டும். ஒன்று இயங்கு என்று சொல்வது, மற்றது துணை ஏஜென்டாக இரு என்று சொல்வது. டீமனின் கோப்பில் 'மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸ்' வரி வேண்டும். இதுவரை எல்லாப் பாடக்குறிப்பிலும் இருக்கிறது.

குறிப்பில் இல்லாததும், என்னை இரண்டு இரவு தூங்க விடாததும் அனுமதிப் பிரச்சினை. டீமன் உருவாக்கும் சொக்கெட் வார் கோப்புறைக்குள் ஏஜென்ட்எக்ஸ் என்ற பெயரில் இருக்கும் இடத்தில் உட்காரும். ஆஸ்டெரிஸ்க் தன் சொந்தப் பயனர் பெயரில் ஓடினால் அந்தச் சொக்கெட்டைத் தொட அதற்கு உரிமை இல்லை. இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேட்டால் சேர்வரின் பெயர், நினைவகம் எல்லாம் வரும், தொலைபேசி விபரம் மட்டும் வராது. லொக் பதிவேட்டில் மாஸ்டர் ஏஜென்டோடு (அதாவது டீமனோடு) இணைய முடியவில்லை என்று ஒரு வரி வந்து வந்து போகும். டீமனின் கோப்பில் ஏஜென்ட்எக்ஸ் அனுமதிக்கென்று ஒரு வரி உண்டு. சொக்கெட்டுக்கு 0660, கோப்புறைக்கு 0550, அதன் பின் பயனர், கடைசியில் ஆஸ்டெரிஸ்க்கின் குழு. இதைப் போட்டு டீமனை மறுபடி தொடக்கினால் சரி. எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். வேலை செய்யும், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும் மதிப்பீட்டாளரின் முகம் மாறும்.

எஸ்.என்.எம்.பி. விபரங்கள் எண்ணிட்ட கிளைகளுள்ள ஒரு மரம் போல அடுக்கப்பட்டிருக்கும். இனிச் சேர்வரில் இருந்தபடியே, ஒரு கிளை முழுவதையும் வாசிக்கும் எஸ்.என்.எம்.பி. வோக் கட்டளையால் 1.3.6.1.4.1.22736 என்ற கிளையைக் கேளுங்கள். 22736 ஆஸ்டெரிஸ்க்கை உருவாக்கிய டிஜியம் நிறுவனத்துக்குப் பதிவான எண். அந்த நிறுவனத்தை 2018 இல் சங்கோமா வாங்கிவிட்டது, எண் மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தக் கிளையில் வரிகள் கொட்டினால் பாதி வேலை முடிந்தது. இங்கே வராதது அடுத்த அறைக்கு எப்படி வரும்?

வெளியே வரும்போது டெபியன் குடும்பத்து இயங்குதளங்களில் ஒரு பொறி உண்டு. டீமன் இயல்பாகவே 127.0.0.1 இல், அதாவது கணினி தன்னோடு தானே பேசும் முகவரியில், மட்டும்தான் காது கொடுக்கும். கேட்கும் முகவரியை மாற்றி, தீச்சுவரில் எஸ்.என்.எம்.பி. கேள்விகள் வரும் யூ.டி.பி. போர்ட் 161 ஐக் கண்காணிக்கும் கணினிக்கு மட்டும் திறக்க வேண்டும்.

பெரும்பாலான விரிவுரைகளில் எஸ்.என்.எம்.பி. பதிப்பு 2சி இலேசு, 3 கடினம், ஆகவே பரீட்சைக்கு 2சி போதும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2சி இல் கடவுச்சொல் போலப் பயன்படும் கொம்யூனிட்டிச் சொல்லைப் பிழையாக அடித்தால் சேர்வர் ஒன்றும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். உங்களுக்கு வருவது 'நேரம் முடிந்தது' என்ற செய்தி. தீச்சுவர் மூடியிருந்தாலும் அதே செய்தி, டீமன் ஓடாவிட்டாலும் அதே செய்தி. பதிப்பு 3 இல் பயனர் பெயர் பிழையென்றால் அப்படி ஒரு பயனர் இல்லை என்று வரும், கடவுச்சொல் பிழையென்றால் அதையும் சொல்லும். அதாவது பாதை திறந்திருக்கிறது, சாவிதான் பிழை என்று தெரிந்துவிடும். பதற்றத்தில் இருப்பவனுக்கு இது பெரிய உதவி. பயனரை உருவாக்கும்போது டீமனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. இரண்டும் எனக்குத் தலையில் குட்டுப்பட்டுத்தான் ஏறின.

வாய்மொழிப் பரீட்சையில் இந்தத் தடவை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ட்ரப்புக்கும் போலிங்குக்கும் என்ன வித்தியாசம் என்பது. இரணைமடுக் குளத்தை வைத்துச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஒருவர் போய் நீர்மட்டத்தை வாசித்துவிட்டு வந்தால் அது போலிங். வான்கதவு திறக்கும்போது அங்கிருந்து தானாக அறிவிப்பு வந்தால் அது ட்ரப். மதிப்பீட்டாளர் சிரித்துவிட்டு, அறிவிப்பு வழியில் தொலைந்தால் என்றார். ட்ரப் யூ.டி.பி. 162 இல் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பதில் வாங்கிக்கொள்ளும் இன்போர்ம் வகை பதிப்பு 2 இல்தான் வந்தது. இதைச் சொன்னதும் அடுத்ததுக்குப் போய்விட்டார்.

அடுத்ததில் பலர் வழுக்குகிறார்கள். 'இந்தச் சேர்வர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது?' திரையில் மூன்று நேரம் இருக்கும். சிஸ்அப்டைம் என்பது கணினியின் வயதில்லை, எஸ்.என்.எம்.பி. டீமன் தொடங்கியதிலிருந்து எண்ணுவது. கணினியின் வயது ஹோஸ்ட் ரிசோர்சஸ் கிளையில் தனியாக இருக்கிறது. ஆஸ்டெரிஸ்க்கின் வயது 22736 கிளையில். மூன்றும் செக்கனில் நூறில் ஒரு பங்கு கணக்கில் வரும். 32 பிட் எண் என்பதால் சுமார் 497 நாளில் நிரம்பி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். நம்ம பக்கத்துக் கரண்டுக்கு அது பெரிய கவலையில்லை என்று சொல்ல வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன்.

பரீட்சைக்கு இடையிலிருந்த மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது புத்தகமில்லை, பரந்தனில் இருக்கும் மாமாவின் நெல்லு மில். அலுவலகம், நெல் நிறுக்கும் இடம், களஞ்சியம், வீடு என நாலு போன். பழைய கணினி ஒன்றில் ஆஸ்டெரிஸ்க் போட்டுக் கொடுத்தேன். ஏதும் பிழைத்தால் வவுனியாவிலிருந்து பஸ் ஏறி, முறிகண்டியில் கச்சான் வாங்கி, போய்ச் சேர அரைநாள் போய்விடும். அதனால்தான் உண்மையாகவே தூரத்திலிருந்து பார்க்க வேண்டி வந்தது.

மில்லில் இருந்தது சிம் போட்ட ரவுட்டர். எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே போக முடியவில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் தொடங்கினால் காரணம் அதுதான். ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் கதவு உங்களுடையதில்லை. தீர்வு, உள்ளேயிருந்து வெளியே கைநீட்ட வைப்பது. மாத வாடகைச் சேர்வர் ஒன்றில் வயர்கார்ட் (இரண்டு கணினிகளுக்கிடையே பாதுகாப்பான சுரங்கம் போடும் மென்பொருள்) போட்டு, மில் கணினியை அதற்கு இணைத்தேன். இணைப்பு அறாமலிருக்க 25 விநாடிக்கு ஒரு தடவை தட்டச் சொல்லும் வரியை மறக்கக்கூடாது. 161 ஐயும், வெளி நிரல்கள் ஆஸ்டெரிஸ்க்கை இயக்கும் வழியான மனேஜர் இடைமுகம் இருக்கும் 5038 ஐயும் அந்தச் சுரங்கத்துக்குள் மட்டும் விடுங்கள். மனேஜர் இடைமுகத்தில் எழுதும் உரிமை கிடைத்தவன் உங்கள் செலவில் வெளிநாட்டுக்கு அழைப்பு எடுப்பான். கண்காணிப்புக்கு வாசிக்கும் உரிமை போதும்.

இவ்வளவும் செய்து எல்லாம் பச்சையாக இருந்த ஒருநாள் மாமா தன் கைத்தொலைபேசியில் எடுத்தார். "தம்பி, விடியத் தொடக்கம் ஒரு கோலும் வரேல்லை. உன்ர பெட்டி என்ன சொல்லுது?" பெட்டி நல்லாயிருக்கிறது என்றுதான் சொன்னது. ஆஸ்டெரிஸ்க் ஓடியது, நாலு போனும் உள்ளுக்குள் பேசின. வெளி அழைப்பு வரும் ட்ரங்கின் (தொலைபேசி நிறுவனத்தோடான இணைப்பின்) பதிவு மட்டும் விழுந்துவிட்டது. அதை நான் கண்காணிக்கவே இல்லை. பிறகு பதிவு நிலையைக் கேட்டு ஒற்றை எண் தரும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, டீமனின் கோப்பில் வெளி ஸ்கிரிப்டை ஓட வைக்கும் 'எக்ஸ்டெண்ட்' வரியில் மாட்டினேன். அதிலும் அதே அனுமதிச் சிக்கல்தான், இந்தத் தடவை மறுபக்கம்: டீமனின் பயனர் ஆஸ்டெரிஸ்க்கிடம் கேட்க வேண்டும்.

பரீட்சையில் 'விழுந்தால் எப்படித் தெரியும்' என்ற பகுதிக்கு இந்த ட்ரங்கையும் சேர்த்துக் காட்டினேன். மதிப்பீட்டாளர் ஒன்றும் பேசாமல் அடுத்த அறைக்குப் போய்ச் சேர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். பதில் வராமல் இத்தனை விநாடி ஆனால் எச்சரி என்ற நிபந்தனையைச் சாபிக்ஸ் 30 விநாடிக்கு ஒரு தடவைதான் பார்க்கும். கேட்கும் இடைவெளியும் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் பச்சையைப் பார்த்துக்கொண்டு அவரோடு நிற்க வேண்டி வரும். நான் இடைவெளியை 15 விநாடியாகக் குறைத்து வைத்திருந்தேன். அப்படியும் அந்தச் சிவப்பு வரும்வரை எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது.