மூன்றரை சென்டிமீட்டர் பசுபதி
மொகஞ்சதாரோவின் 'பசுபதி' முத்திரையைப் பாடப்புத்தகத்தில் பெரிதாகப் பார்த்துப் பழகிய எனக்கு, அதன் அளவு தெரிந்ததும் சிரிப்புதான் வந்தது. பக்கத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர். தீப்பெட்டியைவிடச் சின்னது!

அந்த மாக்கல் துண்டுக்குள் கொம்பு வைத்த தலையணியோடு ஒருவர் குதிகால்கள் சேர அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை.

1931இல் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் இவரைச் சிவனின் ஆதி வடிவம் என்றார். அப்புறம் வந்த சிலர், அது எருமை முகம் என்றார்கள். மேலே எழுத்தும் இருக்கிறது, யாருக்கும் சரியாகப் படிக்கத்தான் தெரியவில்லை.

சிவனோ இல்லையோ, எனக்கு அந்த உட்காரும் விதம்தான் வியப்பு. நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய இருப்பு அது. நேற்று நானும் அப்படி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் கால் மரத்துவிட்டது.