வாய்தா கிடையாது

டிசம்பர் 1, திங்கள்

நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் ஆரம்பம். சார் வேட்டி சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டெல்லி சவுத் அவென்யூவில் உள்ள எம்.பி. குடியிருப்பிலிருந்து கிளம்பினார். கறுப்புக் கோட்டு பீரோவில் தொங்குகிறது. ஊர் முன்சீப் கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் கேஸ் கட்டு தூக்கி நடந்த குமாஸ்தா நான். எம்.பி. ஆனாலும் வக்கீல் தொழில் பார்க்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அங்கே வழக்கு கூப்பிடும் நேரத்தில்தான் இங்கே அவை கூடுகிறது. கட்டெல்லாம் இப்போது ஜூனியரிடம்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்கான கேள்விப் பட்டியல் வந்தது. நட்சத்திரக் குறி போட்ட 20 கேள்விக்குத்தான் மந்திரி எழுந்து பதில் சொல்வார். அதற்குக் குலுக்கல். கீழ்க்கோர்ட்டுக் காலியிடம் பற்றிய எங்கள் கேள்வி, எழுத்தில் பதில் வரும் 230-க்குள் போய்விட்டது. சாருக்கு முகமே சரியில்லை. "எழுதிக் கொடுத்துட்டா குறுக்கு விசாரணை எப்படிய்யா பண்றது?"

டிசம்பர் 3, புதன்

நாளைக்கு ஜீரோ அவரில், அதாவது எம்.பி.க்கள் அவசர விஷயங்களைக் கிளப்பும் நேரத்தில், குலுக்கலில் பெயர் விழுந்தால் பேச ஒத்திகை. ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நான் காபி ஆற்றிக்கொண்டே செல்போனில் நேரம் பார்த்தேன். முதல் தடவை ஏழு நிமிடம். மீட்டர் கேஜ் காலத்திலிருந்து ஆரம்பித்தார், நடுவில் ஒரு "யுவர் ஆனர்" வேறு. இங்கே இரண்டு மூன்று நிமிடத்தில் மைக் போய்விடும், வாய்தா கேட்க முடியாது. "சார், ஊர்க் கோர்ட்ல மனுவோட கடைசில கேக்கற பரிகாரத்தை இங்க முதல் வரியிலயே கேட்டுருங்க" என்றேன். முறைத்தார். அப்புறம் பேப்பரைத் தலைகீழாக மாற்றி எழுதினார்.

தமிழில்தான் பேசப்போகிறார். அரசியல் சாசனம் 120-ஆவது பிரிவைப் பார்த்தால், ஆங்கிலமோ இந்தியோ சரியாக வராதவருக்குச் சபாநாயகர் தாய்மொழியில் அனுமதி தரலாம் என்று இருக்கிறது. "வராதுன்னு அஃபிடவிட் போடணுமோ?" என்று சிரித்தார்.

டிசம்பர் 4, வியாழன்

பெயர் விழுந்தது. அறையில் சன்சத் டிவியில் பார்த்தேன். மைக் அணைந்தபோது நன்றி மட்டும்தான் பாக்கி.

டிசம்பர் 5, வெள்ளி

மத்தியானத்துக்கு மேல் தனிநபர் மசோதாக்கள், அதாவது மந்திரியாக இல்லாத எம்.பி.க்கள் கொண்டுவருபவை. இதுவரை 14தான் சட்டமாகியிருக்கின்றன, 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015-இல் மாநிலங்களவை நிறைவேற்றியது, அதுவும் சட்டமாகவில்லை. 1970-இல் கடைசியாகத் தேறியது உச்ச நீதிமன்றத்தில் கிரிமினல் அப்பீல் பற்றியது. அதைக் கேட்டதும் சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எனக்கென்னவோ இது ஜெயிக்காத கேஸ். சொன்னால் கேட்கவா போகிறார், ராத்திரியே சட்ட உதவி பற்றி ஒரு மசோதாவை டிக்டேட் பண்ண உட்கார்ந்துவிட்டார்.

"டாக்கெட் ஷீட் எடு" என்றார், கோர்ட்டு மனுவுக்கு மேலட்டையாக வைக்கிற தாள், பழக்க தோஷம். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் எட்டுதான் மிச்சம். கரோல் பாக் கடைகளில் தேட வேண்டும்.