மஞ்சள் கூடும் அம்மாவின் கண்ணும்

போன தை மாதம் அம்மாவுக்குக் கதவுச் சட்டம் வளைந்து தெரிய ஆரம்பித்தது. கண் மருத்துவர் கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார். நடுவில் கோடெல்லாம் நெளிகிறது என்றார் அம்மா. விழித்திரையின் நடுவே மஞ்சள் புள்ளி என்று ஓர் இடம் உண்டு, சிக்கல் அங்கேதான். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "கீரை நிறையச் சாப்பிடுங்கம்மா, லுடீன் வேணும்" என்றார்.

லுடீன் என்றதும் எனக்கு எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா ஒன்றரை ஏக்கரில் புழுவுக்குத் தீனியாக வி-1 ரக மல்பெரி வைத்திருக்கிறார். நான் கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். சனி, ஞாயிறு ஊரில்தான். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெண்கூடு தனி ஏலம், மஞ்சள் கூடு தனி ஏலம். இப்போது வெண்கூடுதான் அதிகம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் மஞ்சள் கூடுதான். நாலாவது தோலுரிப்பு முடிந்ததும் அப்பா ஒரு புழுவைத் திருப்பி வயிற்றுக் கால்களைக் காட்டுவார். லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். "ரத்தமே மஞ்சள் கண்ணு, கூடும் மஞ்சளாத்தான் வரும்" என்பார். அவர் சொன்னது அப்படியே சரி.

அந்த மஞ்சள், மல்பெரி இலையில் இருக்கும் லுடீன் முதலான கரோட்டினாய்டு (செடிகளில் இருக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறப் பொருள்கள்) நிறமி. புழுவால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது, தின்றுதான் பெற வேண்டும். நம் கதையும் அதுதான். (செடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒரு விதிவிலக்கு: எந்தக் காலத்திலோ ஒரு பூஞ்சையிடமிருந்து அதற்கான மரபணுக்கள் அதற்கு வந்து சேர்ந்தன. இதை 2010இல் கண்டுபிடித்தார்கள். இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.) லுடீன் எண்ணெய்ப் பசையுள்ள பொருள், தண்ணீரில் கரையாது. குடலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து பட்டுச் சுரப்பிக்கும் போக அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் புரதங்கள்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் முதல் ஆளைப் பிடித்தார்கள். சிபிபி என்ற, கரோட்டினாய்டைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. வெண்கூடு கட்டும் சில ரகங்களில் அதன் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. புரதம் உருவாவதில்லை, ரத்தம் மஞ்சளாவதில்லை. முழு மரபணுவை வெள்ளை ரகத்துக்குள் செலுத்தினார்கள். புழு மஞ்சள் கூடு கட்டியது. 2010இல் இரண்டாவது ஆள், கேமியோ-2. ரத்தத்தில் வரும் லுடீனைப் பட்டுச் சுரப்பிக்குள் விடும் வாயிற்காவலன். முதல் ஆள் இருந்து இவன் இல்லாவிட்டால், ரத்தம் மஞ்சள், கூடு வெள்ளை!

இந்த இரண்டு பேருடைய பங்காளிகளும் நம் உடம்பில் இருக்கிறார்கள். பங்காளி என்று யோசித்துத்தான் சொல்கிறேன். சிலந்தியும் இழை விடுகிறது, பட்டுப்புழுவும் இழை விடுகிறது. இரண்டு இழையிலும் கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள் மிகுதி. ஆனால் அவை வெவ்வேறு வம்சத்துப் புரதங்கள், ஒரே தொழிலுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. சிபிபி அப்படியல்ல. மனிதருக்கு அந்த வம்சத்தில் 15 புரதங்கள் உண்டு. ஒன்று ஹார்மோன் செய்யக் கொழுப்பைத் தூக்கிப் போகிறது, இன்னொன்று வேறு கொழுப்பை. ஒரு மரபணு இரட்டிக்கிறது, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது மெல்ல வேறு வேலைக்கு மாறுகிறது. தாத்தா நிலத்தைப் பாகம் பிரித்தபின் ஒருவர் கேழ்வரகோடு இருக்க, ஒருவர் மல்பெரிக்கு மாறுவது போல. கேமியோ-2 இருக்கும் சிடி36 குடும்பத்தில் நமக்கு மூன்றே பேர். பழ ஈக்கு ஒரு டஜனுக்கு மேல். அந்த ஈயில் ஒருவர் பழுதானால் கரோட்டினாய்டு உள்ளே போகாது, பார்வை போய்விடும். கேனரிக் குருவியில் ஒருவர் பழுதானால் மஞ்சள் குருவி வெள்ளையாகிவிடும்.

சரி, அம்மாவின் கண்ணுக்கு வருகிறேன். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் பெர்ன்ஸ்டைன் என்பவரின் குழு, மனித விழித்திரையில் லுடீனைப் பிடித்து வைக்கும் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் தேடலுக்கு எடுத்துக்கொண்ட கருவிகளில் ஒன்று, பட்டுப்புழுவின் சிபிபியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதம். அது மனித விழித்திரையில் போய் ஒட்டியது. 2011இல் புரதத்தின் பெயரும் தெரிந்தது: ஸ்டார்டி-3, சிபிபியின் பங்காளி. நமக்கும் பூச்சிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 55 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலம் கழித்தும் இரண்டு கிளையிலும் அதே குடும்பம் அதே இலைச் சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷம் விடியற்காலையில் புழுவுக்குத் தழை போட்ட கை அது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூட்டை வேகவெச்சா அந்த மஞ்சள் போயிடுமே, நூலு வெள்ளையாத்தானே வரும்?" என்றார். ஆமாம், நிறம் பெரும்பாலும் மேல் பசையில்தான் இருக்கிறது, பசையோடு கழன்றுவிடும் என்றேன்.

"அப்ப கீரையை ரொம்ப வேகவெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தார். கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் லுடீன் உடம்பில் நன்றாகச் சேரும் என்றேன். அடுப்படிக்குப் போய் நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்தேன்.