பந்தயத்தின் அளவு என்பது ஒரு விலை

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தை நண்பர்களோடு பணம் வைக்காமல், பிளாஸ்டிக் சிப்ஸை மட்டும் வைத்து ஆடிவருகிறேன். தொடங்கிய சில மாதங்கள் வரை, நல்ல சீட்டு வந்தால் பெரிய தொகையும் சுமாரான சீட்டு வந்தால் சிறிய தொகையும் வைப்பதே என் வழக்கமாக இருந்தது. நான் பெரிய தொகையை நகர்த்திய உடனேயே நண்பர் ஒருவர் தம் இரண்டு ராணிகளையும் திருப்பிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்ட நாளில்தான், என் சீட்டை நானே சொல்லிக்கொண்டிருந்தது புரிந்தது.

பந்தயத் தொகை என்பது, ஆட்டத்தில் தொடர்வதற்காக எதிராளியிடம் நாம் கேட்கும் விலை. மேசை நடுவே சேர்ந்த தொகை, அதாவது பாட், 100 சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தம் கையிலுள்ள இரண்டு சீட்டுகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஐந்து பொதுச் சீட்டுகளில் நான்கு மேசையில் விழுந்துவிட்டன. எதிராளிக்கு நான்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்) சேர்ந்திருக்கிறது, இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. அவர் பார்க்காத 46 சீட்டுகளில் 9 ஆட்டின் இருப்பதால் அவருடைய வாய்ப்பு ஏறத்தாழ 19.6 சதவீதம். நான் 25 வைத்தால், அவர் 25 போட்டு மொத்தம் 150-க்குப் போட்டியிடுகிறார், 16.7 சதவீதமே போதும் என்பதால் அவர் தொடர்வதுதான் சரி. நான் 75 வைத்தாலோ அவருக்கு 30 சதவீதம் தேவைப்படுகிறது. ஃப்ளஷ் அமைந்த பிறகு கடைசிச் சுற்றில் என்னிடமிருந்து சராசரியாக இன்னும் 133 சிப்ஸ் வாங்க முடிந்தால்தான் அவருக்கு நட்டமில்லை.

கடைசிச் சீட்டு விழுந்த பிறகு கேள்வி மாறிவிடுகிறது. ஒரு முறை என்னிடம் ராஜாவும் ராணியும் இருந்தன, மேசையில் ராஜா, 9, 4, 4, 2, பாட் 120. நண்பர் அதுவரை ஆடிய விதத்திலிருந்து அவரிடம் ஒரு 9 இருக்கலாம் என்று பட்டது. 120 வைத்திருந்தால் அவர் ஒதுங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். 40 வைத்தேன். ஐந்தில் ஒரு முறை வென்றாலே போதும் என்ற அந்த விலைக்கு, அவர் சற்று நேரம் சிப்ஸை விரல்களுக்கிடையே உருட்டிவிட்டு, 10, 9 சீட்டுகளோடு கால் செய்தார், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தார். என்னைவிடப் பலவீனமான எந்தச் சீட்டு எவ்வளவு வரை கொடுக்கும் என்று யோசித்த பிறகே தொகையைத் தீர்மானித்தேன். என் சீட்டின் பலம் அதில் பாதிக் கணக்குதான்.

முதல் சுற்றிலேயே சிறிதாக வைப்பதன் விலை கடைசியில்தான் தெரியும். 100 சிப்ஸ் பாட்டில் தொடங்கி மூன்று சுற்றுகளிலும் பாட்டின் பாதியை வைத்து, எதிராளியும் தொடர்ந்துகொண்டே வந்தால் 800 சேரும். ஒவ்வொரு முறையும் பாட்டின் முழு அளவை வைத்தால் 2,700 சேரும். எதிராளியின் சிப்ஸ் முழுவதையும் வெல்ல வேண்டிய அளவுக்குச் சீட்டு அமைந்துவிட்டால், அதற்கான திட்டத்தை முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழும்போதே தொடங்கியாக வேண்டும்.

பாட்டை விடப் பெரிய தொகையை வைப்பது முரட்டுத்தனம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற போக்கர் ஆடும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் (சீட்டுப் பகிர்வுகள்) ஆடி, 17 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட சிப்ஸ் முன்னிலையோடு வென்றது. பாட்டைப் பல மடங்கு தாண்டும் பந்தயங்களை அது தயங்காமல் வைத்தது என்பதை அறிந்த பிறகே அந்த எண்ணத்தை விட்டேன்.

இந்த ஆயுதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசிச் சுற்றில் பாட்டைப் போல இரு மடங்கு வைத்தால், எதிராளி தொடர அவருக்கு 40 சதவீத வாய்ப்பு தேவை. ஆகவே அப்படிப்பட்ட ஐந்து பந்தயங்களில் இரண்டு வெறும் பிளஃப்பாக, அதாவது நல்ல சீட்டில்லாமல் வைக்கும் பந்தயமாக, இருந்தால்தான் அவரால் எளிதில் முடிவெடுக்க முடியாது. நல்ல சீட்டோடு 200 சிப்ஸை நகர்த்துவது எனக்கு இப்போது சுலபமாகிவிட்டது. ஒன்றுமே அமையாத கையோடு அதே 200-ஐ அதே வேகத்தில் நகர்த்துவதைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.