சுந்தர்ஜி: டீசல் கணக்கும் துப்பாக்கிக் கணக்கும்

இந்திய ராணுவத்தில் காலாட்படைக்காரருக்கும் டாங்கிப் படைக்காரருக்கும் இடையே பழைய பங்காளிச் சண்டை ஒன்று உண்டு. டாங்கிப் படையின் கறுப்புத் தொப்பிக்காரர்களிடம் குதிரைப்படைக் காலத்து மிடுக்கு இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில், மஹர் ரெஜிமென்ட்டிலிருந்து வந்த ஒரு காலாட்படை அதிகாரிக்கு 1-வது கவச டிவிஷனின் தலைமையைக் கொடுத்தார்கள். அதற்கு முன் எந்தக் காலாட்படை அதிகாரியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. செங்கல்பட்டில் 1928 ஏப்ரலில் பிறந்து, பின்னாளில் ராணுவத்தின் தலைமைத் தளபதியான கிருஷ்ணசாமி சுந்தரராஜன்தான் அவர். பட்டாளத்தில் பெயர் சுந்தர்ஜி.

சென்னை கிறித்தவக் கல்லூரியில் படிப்பை முடிக்காமலே ராணுவத்துக்குப் போனவர். 1946-ல் மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஐ.நா. படையோடு காங்கோ, 1965 போரில் ஒரு பட்டாலியனின் தலைமை, 1971-ல் கிழக்கு முனையில் ஒரு கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த படை) தலைமையகத்தில் பிரிகேடியர் பொறுப்பு. இதுவரை நல்ல அதிகாரி எவருக்கும் வாய்க்கக்கூடிய பாதைதான். அவர் பாதையை மாற்றியது 1975-ல் ராணுவ உயரதிகாரி கிருஷ்ணா ராவ் தலைமையில் அமைந்த நிபுணர் குழு. அடுத்த கால் நூற்றாண்டுக்கு ராணுவம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கச் சொன்னார்கள். குழு சின்னது, ஆள் குறைவு. சுந்தர்ஜி அதில் ஒருவர். டாங்கியோடு அதே வேகத்தில் போகும் காலாட்படை வேண்டும் என்ற பேச்சுக்கு அங்கேதான் வலு கிடைத்தது.

1979-ல், கவச வண்டியில் போய்ச் சண்டை போடும் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானது. பயிற்சி மையம் அகமத்நகரில். புதிதாக ஆள் எடுத்துத் தொடங்கவில்லை. பழம்பெரும் ரெஜிமென்ட்களின் மூத்த பட்டாலியன்களைப் பிடுங்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன்தான் இன்றைய 1 மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி. இரண்டு நூற்றாண்டுப் பெருமையுள்ள பட்டாலியனைத் தாய் ரெஜிமென்ட்டிலிருந்து பிரிப்பது லேசான காரியமில்லை. வருத்தம் பல இடங்களில் நெடுநாள் இருந்தது. ஆனால் இந்தத் தேர்வில் தந்திரம் உண்டு. புதுப் படைக்குக் கௌரவம் முதல் நாளிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

வண்டி சோவியத் ரஷ்யாவின் பி.எம்.பி., அதாவது காலாட்படையை ஏற்றிக்கொண்டு போய்ச் சண்டையும் போடும் கவச வண்டி. முதலில் பி.எம்.பி.-1, பிறகு பி.எம்.பி.-2. இரண்டாவது வகை 1987 முதல் தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் 'சரத்' என்ற பெயரில் வரத் தொடங்கியது. எடை 14 டன் சொச்சம், 300 குதிரைத்திறன் இன்ஜின், சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர். 30 மி.மீ. பீரங்கிக்கு 500 குண்டு, கூடவே டாங்கி எதிர்ப்பு ஏவுகணை. உள்ளே மூன்று பேர் வண்டிக்காரர்கள், ஏழு பேர் இறங்கிச் சண்டை போடுகிறவர்கள். ஏழில் ஒருவர் டிரைவருக்குப் பின்னால். மீதி ஆறு பேர் பின்பகுதியில் முதுகோடு முதுகு சாய்ந்து, வெளிப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். நடுவில் சாய்மானம் மாதிரி இருப்பது டீசல் டாங்க். பின்கதவு இரண்டிலும் டீசல். சண்டைக்குப் போகும் முன் கதவு டீசலை முதலில் எரித்துத் தீர்த்துவிட வேண்டும் என்பது எழுதாத விதி. பக்கத் தகட்டின் கனம் இரண்டு சென்டிமீட்டர்கூடக் கிடையாது. தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் எதுவும் ஊடுருவிவிடும்.

ராஜஸ்தானில் இந்த வண்டியை ஓட்டுவது தனி வித்தை. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி மாவு போல நைசானது. பின்வண்டி நெருங்கிப் போனால் ஏர் ஃபில்டர் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் இன்ஜின் புகை கக்கி, சூடேறி, இழுவை போய்விடும். அதனால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் அணி நீண்டு, கட்டுப்பாடு தளரும். மணல்மேட்டில் ஏறும்போது திடீரென்று வளைத்தால் செயின் கழன்றுவிடும். நாற்பது டிகிரி வெயிலில் மூன்று மணி நேரம் அடைபட்டுக் கிடந்த ஜவான் கதவு திறந்ததும் பாய்ந்து ஓடுவான் என்று கற்பனை செய்யக் கூடாது. வாந்தியும் தலைச்சுற்றலும்தான் முதலில் வரும்.

தண்ணீரில் மிதக்கும் வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். அடித்தட்டு பிளக்குகளை மூடி, மூடிகளின் ரப்பர் சீலைச் சரிபார்த்து, தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டு, முன்பக்க அலைத் தடுப்புத் தகட்டைத் தூக்கிவிட்டு, கரைக்கு நேர்செங்குத்தாக மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே போனதும் செயினே துடுப்பு. மணிக்கு 7 கிலோமீட்டர். சிக்கல் அக்கரையில். கான்கிரீட் பூசிய செங்குத்தான கால்வாய்க் கரையில் செயினுக்குப் பிடி கிடைக்காது. இறங்கிய வண்டி ஏற முடியாமல் அங்கேயே சுற்றும். ஆகவே மிதக்கும் வண்டி இருந்தாலும் இன்ஜினியர்கள் போய்க் கரையை வெட்டிக் கொடுத்தாக வேண்டும்.

இத்தனையையும் டிவிஷன் அளவில், கோர் அளவில் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்த மாபெரும் போர்ப் பயிற்சிதான் 'பிராஸ்டாக்ஸ்'. சுந்தர்ஜி 1986 பிப்ரவரி 1 அன்று தலைமைத் தளபதி ஆனார். அந்த ஆண்டே வேலை தொடங்கிவிட்டது. மொத்தம் நான்கு கட்டம். முதலில் வரைபடத்தின் மேல், பிறகு தளபதிகளுக்கும் தலைமையகங்களுக்கும், பிறகு முப்படையும் சேர்ந்து, கடைசியில்தான் ராஜஸ்தான் மணலில் முழுப் படை. ஆள் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள்.

இதன் பிரம்மாண்டத்தை ஆள் கணக்கைவிட டீசல் கணக்கு நன்றாகக் காட்டும். டி-72 டாங்கி 1,200 லிட்டரில் சாலையில் 480 கிலோமீட்டர் போகும். கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர். மணலில் நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரு ரெஜிமென்ட்டில் 45 டாங்கி. நூறு கிலோமீட்டர் நகர 18,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் ஜெர்ரிகேனில் 900 கேன். ஆறு ரெஜிமென்ட் உள்ள டிவிஷனுக்கு டாங்கிகளுக்கு மட்டுமே ஒரு லட்சத்து எட்டாயிரம் லிட்டர். பி.எம்.பி., லாரி, பீரங்கி இழுக்கும் வண்டி, சமையல், ஜெனரேட்டர் எல்லாம் தனி. இதைக் கொண்டுபோகும் பவுசர் (டீசல் டாங்கர்) சக்கர வண்டி. செயின் போகும் மணலில் சக்கரம் புதையும். தாக்குதல் வேகத்தைத் தீர்மானிப்பது முன்னால் போகும் டாங்கி என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். தீர்மானிப்பது கடைசி பவுசர்.

இந்த வகை வேலையில் சுந்தர்ஜிக்கு நிகர் அவர் தலைமுறையில் இல்லை என்பது என் எண்ணம். இரண்டு காலாட்படை பிரிகேடோடு ஒரு இயந்திரமய பிரிகேடைச் சேர்த்த 'ராப்பிட்' டிவிஷனும் அவர் கைவண்ணம். ஆனால் பிராஸ்டாக்ஸில் பிசகியது மணலில் அல்ல. எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு இது பயிற்சியா, படையெடுப்பின் முகப்பா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பாகிஸ்தான் தன் பயிற்சியை முடித்த ரிசர்வ் படைகளை முகாமுக்குத் திருப்பாமல் எல்லையோரம் நகர்த்தியது. 1987 ஜனவரியில் இந்தியா பஞ்சாபுக்கு அவசரமாகப் படை அனுப்பியது. இருநாட்டு ராணுவச் செயல்பாட்டுத் தலைமை இயக்குநர்களுக்கு இடையே நேரடித் தொலைபேசி இருந்தும், சந்தேகத்தைத் தீர்க்கும் அளவுக்கு அதில் பேச்சு நடக்கவில்லை. கடைசியில் பிப்ரவரி 4 அன்று டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது. பகுதி பகுதியாகப் படைகள் விலகின. பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்க வந்துபோனதும் அதே மாதம்தான். பயிற்சி உத்தரவில் எதிரி என்ன செய்வான் என்று ஒரு பத்தி இருக்கும். எதிரி என்ன நினைப்பான் என்றும் ஒரு பத்தி தேவைப்பட்ட வேளை அது.

அதே சமயம் அருணாசலத்தில், சீன எல்லையை ஒட்டிய சும்டோரோங் சூ பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல். சீனர்கள் அங்கே வாங்டுங்கில் வந்து உட்கார்ந்ததும், சுந்தர்ஜி பக்கத்து ஜிமிதாங் பகுதிக்கு ஹெலிகாப்டரில் ஒரு பிரிகேடை இறக்கி உயரங்களைப் பிடித்தார். 1962 சீனப் போரில் அடிவாங்கிய நம்கா சூவுக்குப் பக்கத்து இடம். சொல்லும்போது சுலபம். மலைப்போரில் ஹெலிகாப்டர் தரும் வேகத்தை நுரையீரல் தராது. 9,000 அடியிலிருந்து 12,000 வரை ஆறு நாள், அங்கிருந்து 15,000 வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று உடம்பைப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து, திடகாத்திரமான பையனே இரண்டு நாளில் செத்துப்போவான். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் பிரிகேடை ஏற்ற வேண்டும். 1962 போல ஓடிவர நேரவில்லை. சீனாவுடன் பேச்சு தொடர்ந்தது. அவர் பணிக்காலத்தில் சுத்தமாக முடிந்த வேலை இதுதான்.

அமிர்தசரஸையும் யாழ்ப்பாணத்தையும் விட்டுவிட்டு சுந்தர்ஜியைப் பற்றி எழுத முடியாது. 1984 ஜூனில் அவர் மேற்குக் கமாண்டின் தளபதி. பொற்கோவிலுக்குள் ஆயுதத்தோடு இருந்த பிந்தரன்வாலேயின் ஆட்களை வெளியேற்ற ராணுவம் நுழைந்தபோது, உள்ளே எதிர்ப்பைக் கட்டமைத்தவர் ஷாபேக் சிங். அவரும் ராணுவத்தின் முன்னாள் மேஜர் ஜெனரல்தான், தாக்குகிறவர் எப்படி வருவார் என்று தெரிந்தவர். உள்ளே அனுப்பிய கவச வண்டியை ராக்கெட் செயலிழக்கச் செய்தது. பிறகு டாங்கி, கோவில் வளாகத்தில் இருக்கும் அகால் தக்த் மீது பீரங்கிச் சூடு. குரு அர்ஜன் தேவ் நினைவு நாளையொட்டி வந்திருந்த யாத்ரீகர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணம் 1987. ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனதும் 54-வது டிவிஷன் இலங்கைக்குப் போனது, அமைதிப் பணிக்கு என்று. பல பட்டாலியன்களில் ஆள் முழுசாக இல்லை. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டபோது, 11-ம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆள் இறக்கும் திட்டம். பாரா கமாண்டோக்கள் புலிகளின் தலைமையைப் பிடிக்க வேண்டும், சீக்கிய இலகு காலாட்படை மைதானத்தைக் காக்க வேண்டும். எம்.ஐ.-8 ஹெலிகாப்டருக்கு ஒரு நடையில் இருபது பேர் அளவில்தான் ஏற்ற முடியும். நடைக்கு நடை இடைவெளி விழும். புலிகள் வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்டு முன்கூட்டியே தயாராக இருந்தார்கள். முதல் நடைகளிலேயே ஹெலிகாப்டர்களில் குண்டு பட்டது. மீதி நடை நின்றது. இறங்கியிருந்த சீக்கியப் பிளாட்டூனில் முப்பது பேர். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் ரயில் பாதையைப் பிடித்துப் போனதாகப் பதிவு. சாலையில் போனால் கண்ணிவெடி. பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இந்தியப் படையினரால் சுடப்பட்டு இறந்தார்கள். எந்த ராணுவக் கணக்கிலும் அதை வரவு வைக்க முடியாது.

இங்கேதான் துப்பாக்கிக் கணக்கு வருகிறது. டி-72, பி.எம்.பி., போஃபர்ஸ் பீரங்கி என்று வாங்கிக்கொண்டிருந்த ராணுவம் யாழ்ப்பாணச் சந்துக்குள் ஜவானை 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியோடு அனுப்பியது. நீளமானது, நாலரைக் கிலோவை ஒட்டிய எடை, 20 குண்டு மேகசின், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. தூரத்தில் அற்புதமான ஆயுதம். எதிரில் இருந்தவன் கையில் 30 குண்டு ஏ.கே.-47. பனங்காட்டிலும் வேலி மூலையிலும் சண்டை முப்பது மீட்டரில் நடக்கும்போது முதல் இரண்டு நொடியில் யார் அதிகம் சுடுகிறாரோ அவர் பிழைப்பார். இது ஒரு தளபதியின் தவறு மட்டுமில்லை; துப்பாக்கி மாற்றும் திட்டம் ஆண்டுக்கணக்காக நகராமல் கிடந்தது. என்றாலும், நவீனமாக்கல் என்ற சொல் அவர் மேசையில் எப்போதும் செயின் வண்டியைத்தான் குறித்தது என்று படுகிறது. சில வாரத்தில் முடியும் என்று டெல்லியில் நினைத்த வேலை 1990 மார்ச் வரை இழுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்து, அதைவிட அதிகமான தமிழர்கள் மாண்டு முடிந்தது.

போஃபர்ஸ் பற்றி இரண்டு வரி போதும். 410 பீரங்கி, 1986 மார்ச் ஒப்பந்தம். போட்டியிட்ட பிரெஞ்சு நிறுவனம் சோஃப்மாவின் பீரங்கிக்கு இருந்த முன்னுரிமை அவர் பதவிக்கு வந்த மாதமே மாறியதால் கேள்விகள் எழுந்தன. தொழில்முறைக் காரணம் தெளிவானது: பத்துப் பதினைந்து நொடியில் மூன்று குண்டு சுட்டுவிட்டு, சொந்த இன்ஜினில் இடம் மாறிக்கொள்ளும் பீரங்கி எதிரியின் பதிலடியிலிருந்து தப்பும். லஞ்சம் வேறு கதை.

1988 ஏப்ரல் கடைசி நாளில் ஓய்வு. அறுபது முடிந்த மாதத்தின் கடைசித் தேதிதான் பட்டாளத்தில் தலைமைத் தளபதிக்கும் அப்போது கெடு. மத்தியப் பிரதேசத்தின் மௌ நகரில், அதிகாரிகளுக்கான காலேஜ் ஆஃப் காம்பாட்டில் தலைமை வகித்தபோது 1981-ல் அணு ஆயுதம் பற்றி அஞ்சல் வழிக் கருத்தரங்கு நடத்தியவர் அவர். கட்டுரையைத் தபாலில் அனுப்பி, அதிகாரிகளிடம் பதில் வாங்கித் தொகுத்தார். அரசு வாய் திறக்காத விஷயத்தை ராணுவத்துக்குள் பேச வைக்க அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஓய்வுக்குப் பிறகும் அதையே எழுதினார்: குறைந்த எண்ணிக்கை போதும், முதலில் பயன்படுத்தக் கூடாது, அடிபட்ட பிறகும் திருப்பி அடிக்கும் வலு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். நரம்பு நோயில் விழுந்து 1999 பிப்ரவரி 8 அன்று இறந்தார். அந்த ஆகஸ்டில் வெளியான இந்திய அணு ஆயுதக் கொள்கை வரைவின் அடிப்படை ஏறத்தாழ இதுவே.

பி.எம்.பி.-2 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்று வண்டித் திட்டம் பல ஆண்டுகளாக இழுபறி. இறங்கிச் சண்டை போட ஏழு பேர் போதுமா, பத்துப் பேர் உள்ள காலாட்படை செக்‌ஷன் செய்யும் வேலையை அவர்களால் செய்ய முடியுமா என்ற வாக்குவாதமும் தீரவில்லை. ஒருவர் காயம்பட்டால் அவரைத் தூக்க இரண்டு பேர், மிச்சம் நான்கு.